அவளுக்கு ஆகாதது

அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்று மகளுக்கு, இன்னொன்று அப்பாவுக்கு. ஒன்றில் விட்ட கரண்டி மற்றதில் விழாமல் சமைக்கும் வித்தையைக் காஜாக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றிரண்டு தடவை கை மாறிவிட்டது. அப்போதெல்லாம் சட்டியோடு கீழே கொட்டிவிட்டு, பேசாமல் மறுபடி காய் நறுக்க உட்கார்ந்தாள்.

சட்டைகளில் பித்தான் துளைக்கு நூல் சுற்றிக் காஜா எடுத்து, பித்தானும் தைப்பது அவள் தொழில். தையல் கடையிலிருந்து மூட்டையாக வரும் சட்டைகள் கூடத்தின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கிடக்கும். தெருவில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவள் காஜாக்காதான். அவள் புருஷனுக்கு ரொட்டிக்காரர் என்று பெயர். பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர். ஊர் கண் விழிக்கும் முன்பே கிளம்பிப்போய், வெயில் ஏறிய பிறகு முழங்கை வரை மாவோடு வீடு திரும்புகிறவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் சூட்டில் நின்றும் அவர் தொப்பை மட்டும் உருகவில்லை. ரொட்டி சுடுகிறவன் ருசி பார்க்காமல் எப்படி என்று கேட்பார். ருசி பார்ப்பது என்றால் அவருக்கு ஒரு முழு ரொட்டி.

ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் சின்ன எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வரும். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். கல்யாணம் நிச்சயமாகி, பந்தலுக்குச் சொல்லி முடித்த நேரத்தில் முகம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தால், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. காரணம் ஒன்றா இரண்டா, இனி அதைத் தோண்டிப் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள்தான். வந்து பார்த்தார்கள், அழுதார்கள், ஒரு பெரிய சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வரவில்லை.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்கு மகள் வைத்த பெயர் மாமியார். "மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டுதான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள். திரும்பி வரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக வருவாள். "இன்னைக்கு என்ன சொன்னா?" என்று அப்பா கேட்பார். "தண்ணி நிறையக் குடிச்சிருக்கேன்னு திட்டினா. எல்லாத்தையும் உறிஞ்சிட்டுத்தான் விட்டா" என்பாள். அப்பாவும் மகளும் சிரிப்பார்கள். காஜாக்காவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. ஆனால் அது இல்லாத நாளில் வீடு இன்னும் மோசமாக இருந்தது.

மகளுக்கு வாழைப்பழம் ஆகாது. ஆரஞ்சு ஆகாது. கீரை ஆகாது, தக்காளி ஆகாது, பருப்பு அளவோடு. காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் சமைக்க வேண்டும். உப்பும் இல்லை. ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பழப்பையோடுதான் வந்தார்கள். அழுகவிட மனம் வராமல் காஜாக்கா அதையெல்லாம் புருஷனிடம் தள்ளினாள். கேலியாகத் தொடங்கியது, போகப் போக வீட்டுச் சட்டமாகிவிட்டது. அவளுக்கு ஆகாதது அப்பாவுக்கு. மகளே பையை வாங்கி நேராக அப்பா பக்கம் நகர்த்துவாள்.

"உனக்கு வந்த சீதனமெல்லாம் நான் தின்னுட்டிருக்கேன்" என்பார் அவர்.

"தின்னுங்கப்பா. கடைசியில எனக்குத்தானே வரப்போவுது" என்பாள் மகள்.

அவள் சொன்னது விளையாட்டுக்கில்லை. காஜாக்கா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்று முதல் ஆளாகப் போய் நின்றாள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றாள், அத்தோடு முடிந்தது. உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெற்றவள் கொடுக்க வந்தால் வேண்டாமென்று சொல்ல இவர்கள் யார் என்று வீடு வரும் வரை பொருமிக்கொண்டே வந்தாள். ரொட்டிக்காரருக்கு எல்லாச் சோதனையும் நடந்தது. கொடுக்கிறவரையும் வாங்குகிறவரையும் பொருத்திப் பார்க்கிற நர்ஸ் நல்ல வாயாடி. காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, ரத்தம் சேருது. எல்லாம் சேருது. உங்க கிட்னி ரெண்டும் இந்த வயசுக்கு முதல் தரம். தொப்பைதான் சேரல. பிரஷரும் ஓரமா நின்னு எட்டிப் பாக்குது. எடையைக் குறைச்சுட்டு வாங்க, அடுத்த நாளே படுக்க வச்சுடலாம்."

"எப்படிக் குறைக்கிறது?"

"வாயைக் கட்டுங்க. காலை அவுத்து விடுங்க."

அன்று சாயங்காலமே ரொட்டிக்காரர் மைதானத்துக்குப் போனார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மண் மைதானம். அதைச் சுற்றி ஓடுகிறவர்கள் ஒரு கூட்டம். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு போஸ்ட்மேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கால் ஓய்வு பெறாத ஆசாமி. பேக்கரி செருப்போடு வந்து நின்றவரைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டார். சொன்னதும், "அப்ப நீங்க எனக்கு முன்னாடி ஓடுங்க. நான் பின்னாடி வரேன். விழுந்தா புடிச்சுக்குறேன்" என்றார்.

முதல் நாள் பாதிச் சுற்றில் ரொட்டிக்காரர் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாள் வாந்தி எடுத்தார். ஒரு வாரம் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினார். காஜாக்கா அவருக்கு வெள்ளைக்கரு, வேகவைத்த பயறு, கீரை, மீன் என்று அடுப்பை மாற்றினாள். ரொட்டியை மறந்துவிடச் சொன்னாள். தான் சுட்ட ரொட்டியைத் தானே தொடாத மனுஷனைப் பேக்கரியில் எல்லோரும் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். முதலாளி, "என்ன ஓய், என் சரக்கு மேல நம்பிக்கை போச்சா?" என்று கேட்டாராம்.

ஆனால் ஓட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. மழைக்காலம் முடியும்போது நிற்காமல் சுற்றினார். சட்டை தொளதொளத்தது. மாவு மூட்டையைத் தூக்கும்போது மூச்சிரைக்கவில்லை. அவர் கழுத்துக்கு ஒரு கோடு வந்திருப்பதைக் காஜாக்கா ஒருநாள் பார்த்தாள். கல்யாணம் ஆன புதிதில் இருந்த கோடு. பெண் சாகக் கிடக்கும்போது தனக்கு இப்படியெல்லாம் கண் போகிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. தன்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை, ஆனால் கொடுக்கப் போகிறவரை நான்தான் தேற்றி எடுக்கிறேன் என்ற பெருமை அவளுக்கு. அவர் சோம்பல்பட்டுப் படுத்த சாயங்காலங்களில் அவர் ஓடுவதற்கு வாங்கிய பூட்ஸைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைப்பவள் அவள்தான்.

தெம்பாக இருக்கிற நாளில் மகளும் மைதானத்துக்கு வந்து பெஞ்சில் உட்காருவாள். அப்பா வியர்வை சொட்டச் சொட்டக் கடந்து போகும்போது கத்துவாள்.

"அப்பா, மெதுவா. உள்ள இருக்கிறது என்னோடது. குலுக்கிடாதீங்க."

"ரெண்டுல எதுடி உன்னோடது?"

"இடது பக்கம். அதைப் பாத்து ஓடுங்க."

அதற்கப்புறம் அவர் இடுப்பின் இடப்பக்கம் கையை வைத்துப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று ஓடிக் காட்டுவார். போஸ்ட்மேன் பின்னால் தலையில் அடித்துக்கொண்டு வருவார்.

முழங்கால்தான் முதலில் முரண்டு பிடித்தது. வலது முட்டியில் உள்பக்கமாக ஒரு வலி. முதலில் ஓடி முடித்த பிறகு வந்தது. பிறகு ஓடும்போதே வந்தது. அப்புறம் பேக்கரியில் அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது வந்தது. காஜாக்கா வெந்நீரில் துணியை முக்கி ஒத்தடம் கொடுத்தாள். எண்ணெய் தேய்த்தாள்.

"ரெண்டு வாரம் ஓட வேணாங்கறார் போஸ்ட்மேன். முட்டியை ஆறப்போடணுமாம்" என்றார் அவர்.

"அவருக்கென்ன, சொல்லுவார். அவர் வீட்டுல யாரு மெஷின்ல கிடக்கா?"

"டாக்டர்கிட்டக் காட்டலாமா?"

"எந்த டாக்டர்கிட்ட? அங்க போய் முட்டி வலின்னு சொன்னா எழுதி வச்சுக்குவாங்க. கிழவனுக்குக் காலே சரியில்ல, இவன்கிட்டேருந்து என்னத்தை எடுக்கிறதுன்னு தள்ளிடுவாங்க. என்னைத் தள்ளல?"

அவள் அப்படி அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மகள் கையில் மெஷினுக்கு ஊசி குத்துகிற நரம்பு அடைத்துக்கொண்டது. இன்னொரு இடத்தில் நரம்பை வெட்டிச் சேர்த்தார்கள். அதுவும் எத்தனை நாள் தாங்குமோ, மாற்றுவதானால் சீக்கிரம் மாற்றிவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தக் கையை மகள் யாருக்கும் தெரியாமல் காதில் வைத்து, உள்ளே ஓடுகிற ரத்தத்தின் சத்தம் இருக்கிறதா என்று கேட்பாள். காஜாக்கா அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு ஒரு காஜாவை நூல் மாற்றி எடுத்து, கடைக்காரரிடம் பேச்சு வாங்கினாள்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மகள் தலைவலிக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை, அட்டை அட்டையாக. தினமும் வேண்டியிருக்கிறதே என்று மொத்தமாக வாங்கி வைத்தது. நோய் தெரிந்த அன்றே டாக்டரம்மா, இந்த வலி மாத்திரை இனி வாசலில்கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் தூக்கிப் போடச் சொன்னாள். சரி என்று சொன்ன காஜாக்கா அதைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றினாள். நல்ல மாத்திரையைக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை.

அன்று சாயங்காலம் அந்த டப்பாவை இறக்கினாள்.

"இதுல ஒண்ணு போட்டுட்டுப் போங்க."

"என்ன இது?"

"இவ தலைவலிக்குப் போடுவாளே, அது."

"இது ஆகாதுன்னு டாக்டரம்மா கத்துனாங்களே."

"அவளுக்குத்தாங்க ஆகாது. அவளுக்கு வாழைப்பழம்கூடத்தான் ஆகாது. நீங்க தினம் தின்னல? கீரை ஆகாது. நீங்க சட்டி சட்டியாச் சாப்பிடல? கெட்டுப்போன கிட்னிக்கு எல்லாம்தான் ஆகாது. உங்களுது கல்லு மாதிரி இருக்குன்னு அந்த நர்ஸே சொல்லுது."

"கிட்னில கல்லுன்னா அது வேற சமாச்சாரம்டி."

"பேச்சைப் பாரு. போட்டுட்டுக் கிளம்புங்க. அவகிட்டச் சொல்லாதீங்க. டப்பா இன்னும் இருக்குன்னு தெரிஞ்சா என்னைத்தான் பிடிச்சுக்குவா."

அவர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வரும்போது வாசலிலேயே முகம் தெளிந்திருந்தது. "மந்திரம் போட்ட மாதிரி இருக்கு" என்றார். காஜாக்கா முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டே, "நான் சொன்னா யார் கேக்குறா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

பிறகு தினம் ஒன்று. ஓட்டம் நீண்டதும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காலையில் அடுப்புச் சூட்டில் உடம்புத் தண்ணீரெல்லாம் வற்றும். சாயங்காலம் மைதானத்தில் மிச்சமும் வற்றும். தண்ணீர் குடித்தால் ஓடும்போது வயிறு குலுங்குகிறது என்று அவர் ஓடி முடிக்கும் வரை வாயில் ஒரு சொட்டும் விடமாட்டார். போஸ்ட்மேன் அவரைத் தன் கூட்டத்தில் முன்வரிசைக்கு ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தை விட்டு வெளியே, பெரிய சாலை வழியாகப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். ரொட்டிக்காரர் கடைசியாகத்தான் வந்தார். ஆனால் நடக்காமல் வந்தார். வீட்டுக்குள் நுழைந்து, சட்டை மூட்டை மேல் சாய்ந்துகொண்டு, "பாலத்துல ஏறும்போது காத்து வந்துச்சு பாரு. நான் எதுக்கு ஓடுறேங்கிறதே மறந்து போச்சு" என்றார். சொன்ன பிறகு மகளைப் பார்த்து முகம் சுருங்கினார். மகள், "மறந்துட்டே ஓடுங்கப்பா. நல்லதுதான்" என்றாள்.

சாக்ஸைக் கழற்றும்போது கணுக்காலில் அதன் விளிம்பு ஆழமாகப் பதிந்திருப்பதைக் காஜாக்கா பார்த்தாள். ஓடுகிற கால், கொஞ்சம் வீங்கத்தான் செய்யும் என்று தலையணை வைத்துத் தூக்கி வைத்தாள். அவர் போய்விட்டு வந்த பிறகு கக்கூஸில் நுரை நின்றது. சோப்புத் தண்ணீர் என்று நினைத்து இன்னும் ஒரு வாளி ஊற்றினாள். இதே வீக்கத்தை, இதே நுரையை மகளிடம் பார்த்தவள் அவள். அப்படியும் அவளுக்குப் பிடிபடவில்லை. நன்றாகத் தின்று, தினமும் ஓடி, கழுத்தில் கோடு வந்த ஆளுக்கு நோய் வரும் என்று யாருக்குத் தோன்றும்?

டப்பா காலியாகிக்கொண்டு வந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். எடை, அவர்கள் சொன்னதற்கும் கீழே இறங்கியிருந்தது. நர்ஸ் ரொட்டிக்காரரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரை வெளிய விடாதீங்க. யாராச்சும் கொத்திட்டுப் போயிடுவாங்க" என்றாள். காஜாக்கா சிரித்தாள். ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து, மறுபடி எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அப்போது நர்ஸ் கேலி எதுவும் பேசவில்லை.

மூன்றாவது தடவை போனபோது டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார். மகள் கீழே மெஷினில் படுத்திருந்தாள்.

"வலிக்கு ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

ரொட்டிக்காரர் புரியாதவர் போல் பார்த்தார். டாக்டரம்மா மாத்திரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது பெயர் டப்பாவில் இருந்தது.

"ஆமா" என்றார் ரொட்டிக்காரர். "முட்டி வலிக்கு. ஓடணுமேன்னு."

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு மாசமா. தினம்."

"யார் கொடுத்தது?"

காஜாக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் சொல்லிவிட்டார். "மைதானத்துல ஒருத்தர். கூட ஓடுறவர்."

அவள் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. அப்போது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பயம். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

"ஓடுற நிறையப் பேர் பண்ற தப்புதான் இது" என்றார் டாக்டரம்மா. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. களைப்பாகச் சொன்னார். "அடுப்புச் சூட்டுல வேலை செய்றது, தண்ணி குடிக்காம ஓடுறது, அதோட இந்த மாத்திரை. உங்க ரெண்டு கிட்னியும் அடி வாங்கியிருக்கு. யூரின்ல புரதம் போகுது. மாத்திரையை நிறுத்தினா கொஞ்சம் தேறலாம். ஆனா ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணோட உங்களை விட முடியாது."

"தேறின பிறகு?"

"இல்லைங்க."

"எனக்கு ஒண்ணும் ஆனாப் பரவாயில்லம்மா. எழுதித் தரேன். ரெண்டுல எது கொஞ்சம் நல்லா இருக்கோ அதை..."

"ஐயா, அடி வாங்கினதை எடுத்து உங்க பொண்ணுக்கு வச்சா அவளுக்கும் வேலை செய்யாது. இருக்கிறது உங்களுக்கு மட்டும்தான் போதும். அதையாவது கெடுத்துக்காதீங்க."

பிறகு டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். உப்பு கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, அதனால் பழம், கீரை, தக்காளி எதுவும் வேண்டாம். பருப்பு, மீன் அளவோடு. காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். "உங்களுக்குத்தான் தெரியுமே" என்று காஜாக்காவைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

மகளை மெஷினிலிருந்து எடுக்கும் வரை இரண்டு பேரும் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள் காஜாக்கா.

"உன் பேரைச் சொல்லி என்ன ஆவப்போவுது? முழுங்கினது நான்."

"கொடுத்தது நான்."

"விடு. அவளுக்குத் தெரிய வேணாம். அவளுக்கு அம்மா வேணும். தினம் நீதான் சோறு போடணும். உன் கையைப் பாத்து அவ பயந்துடக் கூடாது."

மகள் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள். இரண்டு முகத்தையும் பார்த்ததும் நின்றுவிட்டாள். அப்பா சொன்னார். மைதானத்தில் ஒருவர் கொடுத்த மாத்திரை என்று அதையும் சேர்த்துச் சொன்னார். மகள் அழவில்லை. இடது பக்கம், இடது பக்கம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த இடத்தை ஒருதரம் பார்த்தாள். அப்பாவின் சட்டை அந்த இடத்தில் வியர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது. "பஸ் வந்துடும், வாங்க" என்றாள். வரிசையில் பேர் இருக்கிறது, எங்காவது யாராவது செத்து எதையாவது கொடுத்தால் கூப்பிடுவார்கள் என்று பஸ்ஸில் அவள்தான் இரண்டு பேருக்கும் சொன்னாள். அந்த வரிசையின் நீளம் மூன்று பேருக்கும் தெரியும்.

ரொட்டிக்காரர் மைதானத்துக்குப் போகவில்லை. சாயங்காலமானால் கட்டிலில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பூட்ஸ் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. காஜாக்கா பெருக்கும்போது அதை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கினாள். இரவுச் சாப்பாட்டில் யாரும் மாமியார் பேச்சை எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போஸ்ட்மேன் வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. வியர்வையும் செம்மண்ணுமாக, ஓட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார்.

"என்ன ஓய், ஆளையே காணோம். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பையைச் சட்டை மூட்டை மேல் வைத்தார்.

அம்மாவின் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எங்க அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தது நீங்கதானே?"

"என்ன மாத்திரைம்மா?"

"முட்டி வலிக்கு. அஞ்சு மாசமாக் கொடுத்தீங்களே, அது. அதைப் போட்டு அவருக்கு ரெண்டும் போச்சு. எனக்குக் கொடுக்க முடியாதுன்னுட்டாங்க. எதுக்கு ஓடுறார்னு உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே ஓடுனார்? தெரிஞ்சுதானே கொடுத்தீங்க?"

போஸ்ட்மேன் ரொட்டிக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் கட்டிலில் இருந்தபடியே, மகளுக்குத் தெரியாமல், கண்ணால் கெஞ்சினார். போஸ்ட்மேன் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சமாச்சாரத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். என்ன புரிந்துகொண்டாரோ, தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "தப்புதான். எனக்குத் தெரியல. என்னை மன்னிச்சுடு."

"மன்னிச்சு?" என்றாள் மகள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "மன்னிச்சு என்ன பண்றது? நீங்க நாளைக்கும் ஓடுவீங்க. நான் நாளைக்கு அங்க போய்ப் படுக்கணும்."

அடுக்களை வாசலில் நின்ற காஜாக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உறவுமுறை இல்லாத மனுஷன், பழம் வாங்கிக்கொண்டு வந்த மனுஷன், தன் பழியைத் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறான். பெற்ற பெண்ணிடம் அவனைத் திட்டு வாங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதா?

"அவர் கொடுக்கல" என்றாள். "நான் கொடுத்தேன்."

"நீ சும்மா இரு" என்றார் ரொட்டிக்காரர்.

"சும்மா இருந்தது போதும். மேல்தட்டு டப்பாலேருந்து எடுத்துக் கொடுத்தேன். உன்னோட மாத்திரைதான்."

மகள் திரும்பினாள். "அதைத் தூக்கிப் போடச் சொன்னேன்."

"சொன்னே."

"சரின்னு சொன்னே."

"சொன்னேன். போட மனசு வரல. வீணாப் போவுதேன்னு வச்சிருந்தேன். உனக்கு ஆகாததெல்லாம் அவருக்குத்தானே கொடுக்கிறோம், அதே மாதிரிதான்னு நினைச்சேன். பழம் மாதிரி. அவர் வேணாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கல. ஓட விட்டதும் நான்தான்."

தெருவில் யாரோ வண்டியை மிதித்து மிதித்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது கிளம்பிப் போனது. மகள் கத்தரிக்கோலை எடுத்து, ஒரு சட்டையின் காஜாவில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டினாள். அது அம்மா எடுத்த காஜா. கோணல் இல்லாமல் இருந்தது.

"உன்னை நான் நல்லாத் திட்டணும்மா" என்றாள். "இன்னைக்குத் தெம்பு இல்ல. இன்னொரு நாள் திட்டுறேன்."

"திட்டு" என்றாள் காஜாக்கா.

மகள் போஸ்ட்மேனைப் பார்த்தாள். "நீங்க ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"உங்க அப்பா கேட்டார்" என்றார் அவர். கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடினார்.

"பையை எடுத்துக்குங்க."

"இருக்கட்டும்மா. உனக்கு ஆகாதுன்னு தெரியும். அப்பாவுக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"யார் சாப்பிடுறது?" என்று மகள் கேட்டாள். அதில் கோபம் இல்லை. "அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்கு ஆகாது. இப்ப அப்பாவுக்கும் ஆகாது."

போஸ்ட்மேன் பையை எடுத்துக்கொண்டார். அதை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாதவர் போல் இரண்டு தரம் மாற்றிக்கொண்டு படியிறங்கினார். ரொட்டிக்காரர் வாசல் வரைக்கும் போனார். தெருமுனையில் அவர் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

காஜாக்கா அடுக்களைக்குப் போனாள். பழக்கத்தில் இரண்டு சட்டியை எடுத்துவிட்டாள். ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள். காயை எப்போதையும்விடக் கூடுதலாக நறுக்கினாள். நிறையத் தண்ணீர் ஊற்றி வேகவைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கீழே கொட்டினாள். உப்புப் பாத்திரத்தைத் தொடவில்லை. ஒரு அடுப்பே போதுமாக இருந்தது.